சாதகமாக எழுதித் தருகிறேன் என்கிற நிபுணர் வேண்டவே வேண்டாம்

கேள்வி: ஒரு புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) வழக்கில் வாதிக்காக ஆஜராகிறேன். கடன் 3 லட்சம் ரூபாய். ‘அந்தக் கையெழுத்து என்னுடையதே இல்லை’ என்று பிரதிவாதி பதிலுரை போட்டிருக்கிறார். கையெழுத்து நிபுணரிடம் அனுப்பலாம் என்று தனியார் நிபுணர் ஒருவரிடம் பேசினேன். ஆவணத்தைப் பார்க்காமலே, ‘சாதகமாகவே ரிப்போர்ட் தருகிறேன், கவலைப்படாதீர்கள்’ என்றார். எனக்கு நெருடலாக இருக்கிறது. நிபுணரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவரோடு எப்படி வேலை செய்வது? ரிப்போர்ட் எதிராக வந்துவிட்டால் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத இளம் வழக்கறிஞர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் நெருடல் நியாயமானது. அவரை விட்டுவிடுங்கள். காகிதத்தைப் பார்க்காமல் முடிவு சொல்கிறவர் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்க மாட்டார். நிபுணரை நாம் அழைத்துப் போனாலும் அவர் நம் கட்சி ஆள் இல்லை. நீதிபதியின் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்காக வருகிறவர். ‘ஜெயித்தால் இவ்வளவு’ என்று கூலி பேசுகிறவரையும் அண்ட விடாதீர்கள்.

ஆனால் நிபுணரைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் கெடுவது அங்கேதான்: ஒப்பிடுவதற்கான கையெழுத்துகள். வக்காலத்திலும் (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) பதிலுரையிலும் பிரதிவாதி போட்ட கையெழுத்தையே ஒப்பிட அனுப்புகிறார்கள். வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்தை ஒருவர் வேண்டுமென்றே மாற்றிப் போட முடியும் அல்லவா? புரோநோட்டு 2021-ல் எழுதியது என்றால் 2020, 2021, 2022 காலத்தில், தகராறு எதுவும் இல்லாதபோது அவர் இயல்பாகப் போட்ட கையெழுத்துகள் வேண்டும். வங்கிக் கணக்குப் படிவம், பணமான காசோலைகள், கூட்டுறவுச் சங்கக் கடன் மனு, பதிவான கிரயப் பத்திரம் இவற்றில் தேடுங்கள். வங்கியிலிருந்து அசலை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். ஒன்றிரண்டு போதாது. ஒரே மனிதரின் கையெழுத்து ஒரே நாளிலேயே கொஞ்சம் மாறும். அந்த இயல்பான மாற்றம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் நிபுணரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஜெராக்ஸை அனுப்பாதீர்கள். போலிக் கையெழுத்தைப் பெரும்பாலும் கோட்டின் தரம்தான் காட்டிக்கொடுக்கிறது. தன் பெயரை வேகமாகப் போடுகிறவரின் கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெலிந்து போகும். பார்த்து வரைகிறவரின் கோடு மெதுவாக, ஒரே அழுத்தத்தில் ஓடி, முனையில் மொட்டையாக நிற்கும். நடுவே பேனா நின்ற இடத்தில் மை திட்டாக இருக்கும். எடுத்து மறுபடி வைத்த இடத்தில் கோடு ஒட்டாது. இதெல்லாம் அசலில், நுண்ணோக்கியின் கீழ், பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிகிற சங்கதிகள். நகலில் பாதி காணாமல் போய்விடும். அசலைப் புதிதாக மடிக்காமல், பின் குத்தாமல், பென்சிலால்கூட அதன்மேல் வட்டம் போடாமல் வைத்திருங்கள்.

அப்புறம், அந்த நோட்டில் பெருவிரல் ரேகையும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பலர் கையெழுத்தோடு ரேகையும் வாங்குவார்கள். ரேகை தெளிவாக இருந்தால் முதலில் அதை ஒப்பிடக் கேளுங்கள். கையெழுத்து ஒப்பீடு ரேகை அளவுக்குத் துல்லியமான சாஸ்திரம் இல்லை. முராரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து நிபுணரின் கருத்தை வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்கவே கூடாது என்று விதி ஏதும் இல்லை, ஆனால் எச்சரிக்கையோடு அணுக வேண்டும், அவர் சொல்லும் காரணங்களை எடைபோட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே நோட்டின் வாசகத்தை எழுதியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் உங்களுக்கு நிபுணரைவிட முக்கியம். அவர்களைக் கூண்டில் ஏற்றாமல் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

சரி, ஆளைத் தேர்ந்தெடுப்பது. நிபுணர் கருத்தைப் பற்றிய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 39-வது பிரிவு. புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-ல் நிலுவையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டமே பொருந்தும். மனுவில் பிரிவைச் சரியாகக் குறிப்பிடுங்கள். நீதிமன்றம் மூலம் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்பக் கேட்கலாம். நேரம் பிடித்தாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். யார் காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் என்ற கேள்வி அங்கே எழாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-வது கட்டளை 10ஏ விதிப்படி அறிவியல் ஆய்வுக்கென்றே ஆணையர் நியமிக்கவும் கேட்கலாம். எந்த வழியானாலும் மனுவைச் சீக்கிரம் போடுங்கள். வாதம் கேட்கும் கட்டத்தில் போட்டால் வழக்கை இழுப்பதாகத்தான் நினைப்பார்கள்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றால், பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய் லால் வழக்கில் (1999), ஆப்பிள் விளைச்சலை மதிப்பிட்ட தோட்டக்கலை அதிகாரியை உச்ச நீதிமன்றம் நிபுணராக ஏற்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்குத் தனித் தேர்ச்சி இருந்ததாகக் காட்டப்படவில்லை. நிபுணரின் அறிக்கை தானாகச் சாட்சியம் ஆகிவிடாது, அவர் கூண்டேறி குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் நோட்டில் கையெழுத்து தமிழில் இருந்தால், தமிழ்க் கையெழுத்துகளை எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். ‘முடிவு சொல்ல முடியாது’ என்று எப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அனுப்பியிருக்கிறேன் என்பவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அவருக்கு எழுதும் கடிதத்தில் உங்களுக்கு வேண்டிய பதிலை எழுதிவிடாதீர்கள். ‘குறியிட்ட இந்தக் கையெழுத்தும் இந்த ஒப்பீட்டுக் கையெழுத்துகளும் ஒருவர் போட்டவையா?’ என்ற கேள்வி போதும். உங்களுக்குப் பாதகமான மாதிரியையும் சேர்த்தே கொடுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு அதைக் கூண்டில் எடுத்து நீட்டும். அறிக்கையை நீங்கள் திருத்தி எழுதாதீர்கள். ஆனால் காரணங்களை விளக்கப் படங்களோடு தரச் சொல்லலாம், தப்பில்லை. விசாரணைக்கு முன் ஒருமுறை உட்கார்ந்து, அறிக்கையில் பலவீனமான இடம் எது என்று அவரிடமே கேளுங்கள். மை எந்த வருடத்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். மையின் வயதை நம்பகமாகச் சொல்லும் முறை இங்கே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் தயங்கக் கூடாது.

ரிப்போர்ட் எதிராக வந்தால், சாதகமாகச் சொல்லும் ஆள் கிடைக்கும்வரை நிபுணர் நிபுணராக அலையாதீர்கள். ஒப்பீட்டு மாதிரிகள் சரியான காலத்தவையா, போதுமான எண்ணிக்கையா என்று முதலில் பாருங்கள். அதில் குறை இருந்தால் அதைச் சொல்லி நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். குறை இல்லை என்றால் கட்சிக்காரரை அழைத்து, யார் எதிரில், எந்த இடத்தில் கையெழுத்து வாங்கினார் என்று மறுபடி கேளுங்கள். வீட்டில் வேறொருவர் போட்டுக் கொடுத்த கையெழுத்து என்று அப்போதுதான் வாயைத் திறக்கிறவர்கள் உண்டு. பணம் கொடுத்தது நிஜம் என்றால், லோக் அதாலத்தில் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) பேசிப் பாருங்கள். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.