எம்.சி.எஃப்-7 என்று எழுதியிருந்த குப்பி

சென்னையில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடித்த ஒரு தம்பி கேட்டிருந்தார். ஹூஸ்டனில் மார்பகப் புற்றுநோய் லேப் ஒன்றில் போஸ்ட்டாக் வேலை (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), பரிமாற்ற ஆய்வாளர்களுக்கான ஜே-1 விசா, மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டுமாம். வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, ஸ்வெட்டர் எத்தனை, குக்கர் கொண்டு வரவா, மனைவியை உடனே கூட்டி வரலாமா, கார் இல்லாமல் சமாளிக்கலாமா என்று ஒரு பட்டியல். கடைசியாக, “அங்கே பி.ஐ.யிடம் எப்படி நடந்துகொள்வது?” என்று ஒரு வரி. பி.ஐ. என்றால் லேபை நடத்தும் முதன்மை ஆய்வாளர்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கண்ணில் பட்டது. 2001 ஜனவரியில் நான் இதே ஊரில் வந்து இறங்கினேன். அன்று அதைச் சொல்லித்தர ஒருவர்தான் இருந்தார், அவரும் தப்பாகச் சொல்லித்தந்தார்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்வெட்டர் ஒன்றிரண்டு போதும், லேப் ஏசிக்கும் குளிர்காலத்தில் குளிரும் சில நாட்களுக்கும். கோடையில் வெயிலும் புழுக்கமும் சென்னை மாதிரிதான். ஹில்க்ராஃப்ட் பக்கம் போனால் நம் ஊர் மளிகை எல்லாம் கிடைக்கும். மருத்துவமனைகளும் லேப்களும் சேர்ந்த மெடிக்கல் சென்டர் பகுதிக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டி வீடு பார்த்தால் முதல் வருடம் கார் இல்லாமல் ஓட்டிவிடலாம். வாடகையை வரும் மாதத்தில் இங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஜே-1காரரின் துணைக்கான ஜே-2வில் வருகிறவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான எச்-4ல் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. இது தெரியாமலே “ஏன் ஜே-1ல் வந்தாய்?” என்று ஐ.டி.யில் இருக்கும் நம் ஆட்கள் கேட்பார்கள். என் முதல் பொங்கல் விழாவில், பிஎச்.டி. படித்துவிட்டு இந்தச் சம்பளமா என்று நாலு பேர் நடுவில் ஒருவர் கேட்டார். அன்று கண் கலங்கிவிட்டது. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, பி.ஐ. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மதுரையில் படித்தவள். கைடு அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை. சார் ஒரு முடிவை எதிர்பார்க்கிறார் என்றால், அது வரும்வரை சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோம். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தேன். முதல் நாளே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார் இங்கத்து பி.ஐ. இரண்டு பேரும் சமம் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். உங்கள் சம்பளம் அவர் வாங்கும் ஆய்வு நிதியான கிராண்ட்டில் இருந்து வருகிறது, உங்கள் விசா அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறது. எங்கள் காலத்தில் ஜே-1 முடிந்தால் இரண்டு வருடம் ஊரில் போய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தியர் பலருக்கு இருந்தது. எந்த நாட்டில் எந்தத் துறையினருக்கு அந்த நிபந்தனை என்று சொல்லும் பட்டியலில் இருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அரசு நிதியில் வருகிறவர்களுக்கு நிபந்தனை இன்னும் உண்டு. விசாவில் 212(இ) என்ற அந்தச் சட்டப் பிரிவு பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து ஐந்து மாதத்தில் அல்லிசன் புயல். ஜூன் 8, வெள்ளிக்கிழமை இரவு. பிரேஸ் பேயூ என்ற ஓடை நிரம்பி மெடிக்கல் சென்டருக்குள் தண்ணீர் வந்தது. கட்டடங்களை இணைக்கும் சுரங்கப் பாதைகள் வழியாக அடித்தளங்களுக்குள் பாய்ந்தது. ஆய்வு விலங்குகளையும் மின் இணைப்புகளையும் அடித்தளத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் விலங்குகள் செத்தன. மின்சாரம் போய், இருபது இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த கட்டி மாதிரிகள் ஃப்ரீசர்களில் உருகிப்போயின. திங்கட்கிழமை நான் உலர்பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஏழு மாடி ஏறினேன். ஒரு வயதான பேராசிரியர் படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் உருகிய குப்பிகளை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எங்கள் செல்களும் போய்விட்டன. அப்போது எல்லாரும் எல்லாரிடமும் கடன் வாங்கினோம். மேல் மாடி லேபில் இருந்து எனக்கு ஒரு குப்பி வந்தது. வெள்ளை டேப்பில் மார்க்கரால் “எம்.சி.எஃப்-7” என்று எழுதியிருந்தது. 1970இல் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில் இருந்து மிச்சிகனில் வளர்த்த செல் அது. ஏழாவது முயற்சியில் பிழைத்ததால் 7. மார்பகப் புற்றுநோய் லேபில் அது இல்லாமல் காரியம் நடக்காது.

என் வேலை ஒரு மருந்து அந்த செல்லை எப்படிச் சாகவைக்கிறது என்று பார்ப்பது. புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனையில், மருந்து போட்ட செல்களில் செல்லைச் சாகவைக்கும் காஸ்பேஸ்-3 என்ற புரதம் வெட்டுப்பட்டு, 17 கிலோடால்டன் எடையில் பளிச்சென்று ஒரு கோடு. பி.ஐ.க்கு ஏக சந்தோஷம், பிப்ரவரி 1 கிராண்ட் விண்ணப்பத்தில் அதுதான் முதல் படம் என்றார். அக்டோபரில் ஒரு ராத்திரி நூலகத்தில் உட்கார்ந்து பழைய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எம்.சி.எஃப்-7இல் காஸ்பேஸ்-3 ஜீனில் 47 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அந்தப் புரதமே அந்த செல்லில் உருவாவதில்லை என்று 1998இலேயே வெளிவந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. இல்லாத புரதத்துக்கு எப்படிக் கோடு வரும்?

அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. என் செல்கள் ஒரே நாளில் இரட்டித்தன, எம்.சி.எஃப்-7க்கு அந்த வேகம் கிடையாது. எஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுத்தால் எம்.சி.எஃப்-7 வேகமாக வளரும், என் செல்கள் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து லேபில் ஒரு தமிழர் இருந்தார், எனக்கு அண்ணன் மாதிரி. வந்த புதிதில் வங்கிக் கணக்கு திறக்க, வீடு பார்க்க எல்லாம் உதவியவர், நல்ல மனிதர். அவரிடம் சொன்னேன். “வாயைத் திறக்காதம்மா. க்ரீன் கார்டு கையில் வரும்வரை எதையும் பார்க்காத மாதிரி இரு” என்றார். நான் அப்படியே இருந்தேன். பிப்ரவரி 1 அன்று அந்தப் படம் கிராண்ட்டோடு போனது. இருபத்து நாலு வருடம் ஆகிறது, அது இன்னும் என்னை உறுத்துகிறது.

மார்ச் மாதம் தாங்க முடியாமல் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள எச்.பி.வி.-18 வைரஸ் இருக்கிறதா என்று ஒரு பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தேன். கோடு வந்தது. ஹீலா செல்லில் இருக்கும் வைரஸ் அது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்க் கட்டியில் இருந்து எடுத்த அந்த செல், எட்டு மாதமாக என் இன்குபேட்டரில் வேறு பெயரில் வளர்ந்திருக்கிறது. காஸ்பேஸ்-3 கோடு, வைரஸ் கோடு இரண்டின் ஜெல் படத்தையும் எடுத்துக்கொண்டு பி.ஐ. அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினார். “உனக்கு ஒழுங்காக செல் வளர்க்கத் தெரியவில்லை” என்றார். ஒரு வருடம் புதுப்பிப்பதாகச் சொன்ன ஒப்பந்தம் மூன்று மாதமாகச் சுருங்கியது. அந்த மூன்று மாதமும் லேபில் யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை.

அந்த ஜெல்தான் எனக்கு அடுத்த வேலையையும் வாங்கித் தந்தது. இன்னொரு கட்டடத்தில் ஒரு பேராசிரியை, ஏன் அங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எப்போது சேரலாம் என்றார். ஜே-1ஐ மாற்றிக் கொடுத்ததும் அவர்தான். அவர் லேபில்தான் மீட்டிங்கில் எழுந்து “எனக்கு இதில் உடன்பாடு இல்லை” என்று சொல்லப் பழகினேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சொல்லக் கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்று ஆறு பேருக்கு நான் பி.ஐ.

இது என் ஒருத்தியின் கதை என்று நினைக்காதீர்கள். 1966இலேயே ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு மாநாட்டில், 18 செல் வரிசைகளில் ஹீலா புகுந்திருப்பதை எடுத்துச் சொன்னார். அறையில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்றும் பெயர் மாறிய செல்களின் பட்டியலில் 500க்கு மேல் இருக்கின்றன. 2012இல் ஆம்ஜென் நிறுவனத்தில் இருந்தவர்கள், புற்றுநோய் ஆய்வின் முக்கியமான 53 கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று எழுதினார்கள். அந்த மீதி 47இல் எத்தனை மேசையில் ஒரு போஸ்ட்டாக் விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அதனால் வந்த முதல் வாரம், உங்களுக்குத் தரும் குப்பி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். செல்லின் டி.என்.ஏ. கைரேகையைப் பார்க்கும் எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள், இருநூறு டாலருக்குள் முடியும். செல்களில் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு செல்சுவர் இல்லாததால் பென்சிலின் ஒன்றும் செய்யாது, செல் வளர்க்கும் திரவமான மீடியம் கலங்கவும் கலங்காது. பி.ஐ. முகம் சுளித்தால் அது என்ன மாதிரி லேப் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் வேறு கதவுகளைத் தட்ட ஆரம்பியுங்கள், ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். எதையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

குக்கர் கேட்டிருந்தீர்களே, கொண்டு வாருங்கள். கேஸ்கட் மட்டும் இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.