கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தும் கோல்டு ஃபிஷ் ஏன் சாகிறது?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ் வளர்த்தோம். ஊற்றுவது எங்கள் கிணற்றுத் தண்ணீர். நாங்கள் குடிப்பதும் அதைத்தான். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் வாங்கும் மீன் எதுவும் ஒரு மாதம் தாண்டுவதில்லை. மிச்சம் இருக்கும் ஒன்றும் இப்போது அடியில் கிடக்கிறது. சில நேரம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கடையில் கொடுத்த நீல மருந்தும் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் கிணறு. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்.

முதலில் உயிரோடு இருக்கும் மீனைக் கவனிப்போம். இரண்டு நாள் தீனி போடாதீர்கள். கோல்டு ஃபிஷ் அதைத் தாங்கும். இன்றைக்கே ஒரு பெரிய வாளியில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, ஏர் பம்ப்பின் குழாயை அதில் போட்டு இரவு முழுக்கக் குமிழ் விடுங்கள். மீன் தொட்டியிலும் குமிழ் ஓட வேண்டும் என்பதால், ஒரே பம்ப் இருந்தால் T வடிவ இணைப்புத் துண்டு ஒன்று போட்டுக் குழாயை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் தொட்டித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு வாரம் தினமும் இதுவே வேலை. லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். அடுத்தடுத்த நாள்களில் புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு. நீல மருந்தை நிறுத்திவிடுங்கள். பூஞ்சைக்கும் மீன் முட்டைக்கும் அது உதவும் என்பது சரி. ஆனால் உங்கள் மீனுக்கு இருப்பது நோய் இல்லை, தண்ணீர்க் கோளாறு. அந்த மருந்து, நமக்குத் தேவையான நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அந்தப் பாக்டீரியா விஷயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. விஷமாகும் அளவிலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுதாக வளர்ந்து நிற்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஏழாவது நாளே அதைத் தேய்த்துக் கழுவி விடுகிறீர்கள். ஆக, உங்கள் தொட்டிக்கு எப்போதும் ஒரு வார வயதுதான்.

கிணற்றின் பங்கு என்ன? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் செம்மண்ணும் செம்புரைக் கல்லும். மழையும் அதிகம். இப்படிப்பட்ட மண்ணில் ஊறும் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீராக, கொஞ்சம் அமிலச் சாய்வோடு இருக்கும், பி.ஹெச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 6, 6.5 என்று காட்டும் கிணறுகள் பல. நாம் குடிக்க, பருப்பு வேகவைக்க அருமையான தண்ணீர். கோல்டு ஃபிஷ் விரும்புவதோ 7 முதல் 8 வரை, கொஞ்சம் கடினத்தன்மையோடு. போதாக்குறைக்கு, நிலத்தடியிலிருந்து இறைத்த கையோடு அந்தத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். அதை நேராகத் தொட்டியில் நிரப்பினால் மீன் மூச்சுக்குத் தவிக்கும். குமிழ் ஓட ஓட கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சில மணி நேரத்திலேயே பி.ஹெச். மேலே ஏறும். மீனுக்கு அதுவும் அதிர்ச்சிதான். வாளியில் இரவு முழுக்கக் குமிழ் விடச் சொன்னது இதற்காகத்தான். தண்ணீரில் இரும்பு இருந்தால், அதுவும் பழுப்பாக வாளி அடியில் படிந்துவிடும்.

இதுவரை செத்த மீன்கள் எந்தக் கிழமையில் செத்தன என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிறு இரவோ திங்களோ என்றால் புதுத் தண்ணீரின் அதிர்ச்சி. வெள்ளி, சனி என்றால் சேர்ந்துபோன அம்மோனியா. இரண்டும் கலந்து வந்தாலும் ஆச்சரியம் இல்லை.

ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்ப்பது நல்லது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச். நான்கும் பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்குங்கள். அடிக்கடி மீன் வாங்கும் செலவோடு பார்த்தால் அது பெரிய காசில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள். அம்மோனியாவைப் படிக்கும்போது பி.ஹெச்.சையும் சேர்த்தே படிக்க வேண்டும். பி.ஹெச். ஒரு புள்ளி கூடினால், அதே அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெருமளவு சாதுவாகக் கிடக்கும். அந்த நேரத்தில் யாராவது பி.ஹெச்.சைச் சட்டென்று தூக்கிவிட்டால் மீன் ஒரே இரவில் போய்விடும்.

அதனால்தான் பி.ஹெச். ஏற்றுகிறேன் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் வழக்கத்தைக் கேட்டாலே எனக்குப் பயம். நம் ஊரில் அதைவிட நல்ல பொருள் கடற்கரையில் இலவசமாகக் கிடக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் போகும்போது காலிச் சிப்பி ஓடுகளை இரண்டு கை அள்ளி வாருங்கள். சதை, மணல் போக நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு வலைப்பையில் கட்டி, ஃபில்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் அமிலமாக ஆகத்தான் சிப்பி கரைந்து, பி.ஹெச்.சை மெதுவாக ஏற்றும். சரியானதும் கரைவது தானே குறைந்துவிடும். கணக்கு தப்பினாலும் ஆபத்து கிடையாது.

சிப்பி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.ஹெச். சரியாமல் தாங்கும் கையிருப்பைச் செலவழிக்கிறது. அம்மோனியாவில் இருக்கும் 1 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் என்ற வீதத்தில். நம் மென்னீரில் கையிருப்பே குறைவு. அது தீர்ந்ததும் பி.ஹெச். சரிந்து, 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலை கிட்டத்தட்ட நின்றுபோகும். ஆறு மாதம் நன்றாக ஓடிய தொட்டியில் திடீரென்று மீன் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். அதில் இந்தக் கையிருப்பு இன்னும் மோசம்.

இனி தொட்டி. ஒன்றரை அடித் தொட்டி பொதுவாக முப்பது, நாற்பது லிட்டர்தான் பிடிக்கும். இரண்டு கோல்டு ஃபிஷ்ஷுக்கு 100 லிட்டருக்கு மேல் வேண்டும். மூன்றடித் தொட்டி சரியாக இருக்கும். இது கெண்டை இனத்து மீன். இரைப்பை கிடையாது, தின்றதெல்லாம் சீக்கிரம் வெளியே வந்துவிடும். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு விற்பவர்களைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மரியாதையாக இருக்காது. மூன்றடித் தொட்டிக்குக் காசு இடித்தால், நிழலான முற்றத்தில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும், மேலே காகத்துக்கும் பூனைக்கும் ஒரு வலை. புதுச் சிமெண்ட் தொட்டி என்றால், பல முறை தண்ணீர் நிரப்பி மாற்றி, பி.ஹெச். இறங்கிய பிறகே மீன் விட வேண்டும்.

சூடும் ஒரு பிரச்சினை. இது குளிர்ந்த நீர் மீன். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் போலப் பிடிக்கும் ஆக்சிஜனை, 30 டிகிரித் தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். நமக்கோ ஹீட்டர் தேவையே இல்லை, குமிழ்தான் தேவை. மொட்டை மாடி டேங்கிலிருந்து நண்பகலில் வரும் சுடுநீரை நேராகத் தொட்டியில் விடாதீர்கள்.

அப்புறம் பிளீச்சிங் பவுடர். மழைக்காலத்தில் கிணற்றில் அது போட்ட நாள்களில் அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகாது. வேறு வழி இல்லாவிட்டால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் சேருங்கள். முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாகர்கோவில்காரர்களுக்கு இது எல்லா நாளும் பொருந்தும். ஒரு நாள் திறந்து வைத்துக் குமிழ் விட்டாலும் சாதாரணக் குளோரின் போய்விடும்.

இனிமேல் ஞாயிறு வேலை இவ்வளவுதான்: கால் பங்குத் தண்ணீர், மிஞ்சினால் மூன்றில் ஒன்று. அடியில் படிந்த கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் மட்டும், வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். சோப்பு கிட்டேயே வரக் கூடாது. உப்புச் சேர்க்காத நாள்களில் எடுக்கும் தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றுங்கள், வாழைக்குப் பிடிக்கும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் ஓடும் தொட்டி இருந்தால், அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு நன்றாகக் குறையும். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

கரண்டு போவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூடிய டப்பா ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் தேங்கிக் கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட விட வேண்டும்.

துணைக்கு இன்னொரு மீன் வாங்க அவசரம் வேண்டாம். கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் காட்டட்டும். அப்போதும், வாங்கிய மீனைத் தனி டப்பில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள்.