கம்யூனிட்டி காலேஜ் விளையாட்டுக்குக் காசு யாருடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் என் மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஒவ்வொரு செமஸ்டர் பில்லிலும் மாணவர் கட்டணம் என்று ஒன்று வருகிறது. விசாரித்தால் அதில் ஒரு பங்கு பேஸ்பால், பாஸ்கெட்பால் அணிகளுக்குப் போகிறதாம். அவள் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. டிக்கெட் விற்று, டிவிக்காரர்களிடம் வாங்கி அவர்களே நடத்திக்கொள்ளக் கூடாதா?
– ஒரு வாசகி, ஓஹையோ

பதில்: டிவி பணம் என்ற பேச்சே இங்கே கிடையாதம்மா. சனிக்கிழமை மத்தியானம் டிவியில் பார்க்கிறோமே, லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், அது பெரிய பல்கலைக்கழகங்களின் உலகம். கம்யூனிட்டி காலேஜ் மாதிரி இரண்டு வருட காலேஜில் பயிற்சியாளரே வேன் ஓட்டிக்கொண்டு போவார், திரும்பி வந்து ஜெர்ஸியைத் துவைக்கப் போடுவதும் பல இடங்களில் அவர்தான். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் கூடப் படிக்கிறவர்களும். டிக்கெட் காசில் அன்றைய நடுவர்களின் சம்பளம் தேறினாலே பெரிது. ஆக, காசு வருவது மாணவர் கட்டணத்திலிருந்தும் காலேஜின் பொது நிதியிலிருந்தும்தான். அந்தப் பொது நிதி என்பது ஃபீஸ், மாநில அரசு தருவது, சில மாநிலங்களில் சொத்து வரி. இதற்கு மேல் பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் தரும் நன்கொடை கொஞ்சம் இருக்கும்.

பிறகு ஏன் காலேஜ்கள் இதை விடாமல் நடத்துகின்றன, புதிதாக அணிகளும் சேர்க்கின்றன? சேர்க்கைக்காக. 2010-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த கம்யூனிட்டி காலேஜ் சேர்க்கை அப்புறம் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனது, கோவிட் இன்னும் அடித்தது. இந்தக் காலேஜ்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பகுதிநேரமாகப் படிக்கிறவர்கள். ஆனால் அணியில் இருக்க வேண்டுமென்றால் செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அலகு) எடுத்து முழுநேரமாகப் படித்தே ஆகவேண்டும், இரண்டாம் வருடமும் ஆட வேண்டுமென்றால் பொதுவாக 24 கிரெடிட்டும் 2.0 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) தேவை. காலேஜின் கண்ணில் இப்படிப்பட்ட மாணவன் நிச்சயமான வருமானம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பேஸ்பால் அணியில் 30 பேர், வருடத்துக்கு ஆளுக்கு 4,000 டாலர் ஃபீஸ் என்றால் 1,20,000 டாலர். அணிக்கு ஆகும் செலவு 90,000 என்றால், பார்த்தீர்களா லாபம் என்று விளையாட்டுத் துறை சொல்லும். இங்கேதான் நான் நின்று கேட்பேன்: இந்த 30 பேரில் அணி இல்லாவிட்டாலும் இதே காலேஜில் சேர்ந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? 10 பேர் என்று வையுங்கள், அணியால் வந்த பணம் 80,000 ஆகிவிடுகிறது, லாபம் நஷ்டமாகிறது. மாணவர் எண்ணிக்கையை வைத்து மாநில அரசு தரும் தொகையைச் சேர்த்தால் மறுபடி லாபப் பக்கம் சாயலாம். அந்த முப்பது பேருக்கும் பாடம் நடத்த ஆகும் செலவு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் கழிக்க வேண்டும். ஒரே அணி, யார் கணக்குப் போடுகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் விளையாட்டு வேஸ்ட் என்பவரையும் நம்பாதீர்கள், அது தானே சம்பாதிக்கிறது என்பவரையும் நம்பாதீர்கள், அணி இல்லாவிட்டாலும் சேர்ந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். கட்டணத்தில் எவ்வளவு விளையாட்டுக்குப் போகிறது என்பதை பில்லிலேயே தனி வரியாகப் போட வேண்டும், அதை மறைத்து வசூலிப்பது தப்பு என்றே நினைக்கிறேன். பல காலேஜ்களில் இந்தப் பணத்தைப் பிரிக்கும் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அவள் அங்கே போய்க் கேட்கலாம்.

கேள்வி: அரிசோனாவில் கம்யூனிட்டி காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) அடியோடு போய்விட்டது என்கிறார்களே, உண்மையா? மற்ற விளையாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் ஏன்?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: உண்மைதான். ஃபீனிக்ஸ் பக்கம் மாரிக்கோப்பா மாவட்டத்தின் நான்கு காலேஜ்கள், மேசா, க்ளெண்டேல், ஸ்காட்ஸ்டேல், ஃபீனிக்ஸ், 2018 சீசனோடு நிறுத்துவதாக அந்த வருடம் பிப்ரவரியில் அறிவித்தன. டூசானின் பீமா காலேஜும் அதே வருடம் கைவிட்டது. அதற்குச் சில வருடங்கள் முன்பு, 2015-இல், மாரிக்கோப்பாவுக்கும் பீமாவுக்கும் மாநில அரசு தந்துவந்த நடைமுறை நிதியைச் சுத்தமாக நிறுத்திவிட்டது. அப்படி ஒரு ஓட்டை விழுந்தபின் கணக்குப் பார்க்கிறவர் முதலில் எதில் கைவைப்பார்?

ஃபுட்பாலில் ஆள் அதிகம், ஹெல்மெட், பேட் என்று சாமான் அதிகம், அடி அதிகம், அதனால் இன்சூரன்ஸும் அதிகம். பக்கத்துக் காலேஜ்கள் நிறுத்திவிட்டால் எதிரணியைத் தேடி இன்னும் தூரம் பஸ் விட வேண்டும், மீதமிருப்பவர்களின் செலவும் ஏறும், அப்படித்தான் ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து விழுகின்றன. இன்னொன்று, 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் பெண்களுக்கு விளையாட்டில் சம வாய்ப்புத் தர வேண்டும், கம்யூனிட்டி காலேஜுக்கும் இதில் விலக்கு இல்லை. ஒரே ஆண்கள் அணியில் அத்தனை பேர் நிற்கும்போது மறுபக்கத்தைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். சில இடங்களில் இதைச் சாக்காக வைத்து, பெண்கள் அணியால்தான் ஃபுட்பால் போயிற்று என்று பேசுகிறார்கள், அது அநியாயம்.

உங்கள் மாநிலத்தில் நிலைமை வேறு. பிரபல ஃபுட்பால் வீரர் கேம் நியூட்டன் 2009-இல் ப்ளின் காலேஜுக்காக ஆடித் தேசியப் பட்டம் வாங்கித் தந்தது டெக்சாஸில்தானே. அங்கே ஊரே காலேஜ் அணியின் பின்னால் நிற்கிறது.

கேள்வி: என் மகளை ஒரு வாலிபால் பயிற்சியாளர் கூப்பிட்டு ‘ஸ்காலர்ஷிப் உண்டு’ என்கிறார். கம்யூனிட்டி காலேஜில் அப்படி உண்டா? நான்கு வருட காலேஜுக்கு மாறும்போது இந்த இரண்டு வருடம் வீண்தானா?
– ஒரு வாசகி, இலினாய்

பதில்: உண்டு, ஆனால் எந்த டிவிஷன் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான மாநிலங்களின் காலேஜ்கள் இருப்பது என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற, இரண்டு வருட காலேஜ்களின் விளையாட்டு அமைப்பில், 1938-இல் தொடங்கியது. அதில் டிவிஷன் 1 காலேஜ் ஃபீஸ், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தரலாம். டிவிஷன் 2-இல் ஃபீஸும் புத்தகமும் தரலாம், தங்குமிடமும் சாப்பாடும் கிடையாது. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. கலிஃபோர்னியா தனி அமைப்பு, அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ‘தரலாம்’ என்பதைக் கவனியுங்கள். பட்ஜெட் இருந்தால்தான் தருவார்கள், பாதியோ கால்வாசியோகூடத் தரலாம். வாய்ப்பேச்சில் விடாமல் எத்தனை டாலர், எதற்கு, எத்தனை செமஸ்டர், காயம்பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே மத்திய அரசின் மாணவர் உதவிக்கான எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். தகுதி இருந்தால், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் 2025–26-இல் 7,395 டாலர் வரை கிடைக்கும், டிவிஷன் 3 பிள்ளைகள் பலருக்கு அதுதான் கைகொடுக்கிறது.

வீணா என்றால், இல்லை. பிரபல ஃபுட்பால் வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் கலிஃபோர்னியாவின் பியூட் காலேஜிலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகம் போனவர். எல்லோரும் ராட்ஜர்ஸ் ஆவதில்லை, அதனால் எந்தெந்தப் பாடத்தின் கிரெடிட் மாற்றலாகும் என்று இப்போதே காலேஜின் படிப்பு ஆலோசகரிடம் பட்டியல் கேளுங்கள். ஆட்டத்தைவிட இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: காலேஜ் விளையாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று வரி கட்டுகிறவன் எங்கே பார்ப்பது?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும், மத்திய அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டங்களில் இருக்கும், காலேஜ் அணிகள் நடத்தும் எல்லாக் காலேஜும் வருடா வருடம் விளையாட்டுச் சமத்துவ அறிக்கை தயார் செய்ய வேண்டும், 1994 சட்டம். அக்டோபர் 15-க்குள் தயாராக இருக்க வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். மத்தியக் கல்வித் துறையின் இணையதளத்தில் காலேஜ் பெயரைப் போட்டாலே வரும். அதில் பல காலேஜ்களின் வரவும் செலவும் டாலர் பிசகாமல் ஒன்றாக இருக்கும். அணி சம்பாதித்துச் சரிக்கட்டியது என்று எண்ணிவிடாதீர்கள், காலேஜ் தன் பொது நிதியிலிருந்து போட்டதும் அங்கே வரவாகத்தான் எழுதப்படுகிறது. அதனால் காலேஜை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த வரவில் பொது நிதி எவ்வளவு, சேர்ந்த விளையாட்டு வீரர்களில் பட்டம் வாங்கியவர்களும் நான்கு வருட காலேஜுக்கு மாறியவர்களும் எத்தனை பேர்.