பெட்டி பிரிக்கவில்லை, தவணை மட்டும் ஓடுகிறது

கேள்வி: எங்கள் மகனுக்கு 2 வயது 3 மாதம். அவனுக்காக வேலையை விட்டுவிட்டேன். இப்போது கணவரின் சம்பளம் மட்டும்தான். வீட்டில் இருந்தும் பிள்ளையை உருப்படியாக எதிலும் ஈடுபடுத்தவில்லையே என்ற கவலையில், மாதாமாதம் வரும் செய்முறை விளையாட்டுப் பெட்டிக்குச் சந்தா கட்டினேன். அதற்கு முகவர் என் நாத்தனார். மூன்று பெரிய விளையாட்டுப் பொருட்களை வட்டியில்லாத் தவணையில் வாங்கினோம். வார இறுதியில் ஒரு வகுப்புக்கும் போகிறோம். கிரெடிட் கார்டு பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியும் அது ஏறிக்கொண்டே போகிறது. இப்போது நாத்தனார், குழந்தையின் படிப்புக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டத்திலும் சேரச் சொல்கிறார். சேரலாமா? இவ்வளவு செய்தும் அவன் அந்தப் பெட்டிகளைத் தொடுவதே இல்லை. கொடியில் இருக்கும் துணி கிளிப்புகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொட்டி, மறுபடி போட்டுக்கொண்டே இருக்கிறான்.

பதில்: சேர வேண்டாம். இந்த வகைத் திட்டங்களில் காப்பீடும் சேமிப்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். முதல் சில வருடங்களில் நீங்கள் கட்டும் பணத்தில் நல்லதொரு பங்கு கமிஷனுக்கும் செலவுக்கும் போய்விடும். நடுவில் நிறுத்தினால் கட்டியது முழுதாகத் திரும்பாது. உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர்; காப்பீடு அவருக்குத்தான் அவசியம். சேமிப்பு எதுவும் கலக்காத, குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்றை அவர் பெயரில் எடுங்கள், போதும். 'குழந்தையின் எதிர்காலம்' என்று அட்டையில் அச்சடித்து வரும் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் பெற்றோர் கணக்குப் பார்க்கக் கூச்சப்படுகிறார்கள்.

உங்கள் பிரச்சினை அந்தத் திட்டம் அல்ல. கடிதத்தோடு அனுப்பிய கார்டு அறிக்கையை இரண்டு முறை படித்தேன். சந்தாவைத் தவிர அதில் ஒன்பது ஆர்டர்கள் இருக்கின்றன. ஏழு, இரவு 9 மணிக்கு மேல் போட்டவை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: நாத்தனார் தினமும் எட்டு மணிவாக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தன் மகள் செய்த கைவேலையின் படத்தைப் போட்டு, "இன்னைக்கு உங்க குட்டி என்ன பண்ணான்?" என்று கேட்கிறார். பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளை தூங்கியதும் கை போனுக்குப் போகிறது. பணம் ஒழுகும் இடம் இதுதான். பிள்ளை கேட்டு நீங்கள் எதையும் வாங்கவில்லை, அவன் தூங்கிய பிறகுதான் வாங்குகிறீர்கள்.

இப்போது கணக்கு. உங்கள் எண்களைக் கணவரின் சம்பளம் 100 என்று வைத்துச் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 82. மிச்சம் 18 இருக்க வேண்டும். அதில் மூன்று தவணைகளுக்கு 8, வகுப்புக்கு 4, கார்டின் குறைந்தபட்சத் தொகை 3. கையில் நிற்பது 3. ஒவ்வொரு தவணையும் தனித்தனியே பார்க்கும்போது சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். மூன்றும் சேர்ந்து, நீங்கள் சேமித்திருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கின்றன. வட்டியில்லாத் தவணை என்பதை நான் நம்பாததற்கு இதுவே காரணம். வட்டி இல்லாமலே இருக்கட்டும். பொருளின் முழு விலையை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதுதான் அதன் வேலை. பிள்ளை பத்து நாளில் விட்டுவிட்ட பொருளுக்கு ஒன்பது மாதம் கட்டுகிறீர்கள்.

கார்டு பாக்கி 60. மாத வட்டி 3 சதவீதம் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. அது வட்டிக்கு வட்டியாக ஏறி வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். மாதம் 3 கட்டுகிறீர்கள், 1.8 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1.2. அதே கார்டில் சந்தா, இரவு ஆர்டர் எல்லாம் சேர்ந்து மாதம் 4 ஏறுகிறது. ஆக, தவறாமல் கட்டியும் கடன் மாதாமாதம் 2.8 கூடுகிறது. ஒரு வருடத்துக்கு முன் இதில் பாதிதான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் வருகிறது. இன்றே புதிதாக வாங்குவதை நிறுத்தினாலும், பாக்கியில் 5 சதவீதமான அந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 60 என்பது 30 ஆக ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அப்போது உங்கள் மகனுக்கு ஐந்து வயது.

சந்தாவை இன்றே ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியையும் கார்டிலிருந்து நீக்கிவிடுங்கள். சந்தாவை மட்டும் ரத்து செய்துவிட்டு இதை மறப்பவர்கள் நிறைய. வகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். அந்த 4, கையில் நிற்கும் 3, இப்போது கட்டும் 3, ஆக 10. இதை மாதாமாதம் கார்டுக்கே கட்டினால் 7 மாதத்தில் பாக்கி தீரும். நடுவில் ஏதாவது ஒரு தவணை முடிந்தால் அந்தப் பணத்தையும் இதிலேயே போடுங்கள், இன்னும் சீக்கிரம் முடியும். தவணைகளை முன்கூட்டியே அடைக்க அவசரப்பட வேண்டாம், வட்டி ஓடுவது கார்டில்தான். பிரிக்காமல் இருக்கும் மூன்று பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு எழுந்துபோய்க் கார்டைத் தேடி எடுத்து பதினாறு எண்ணைத் தட்டுவதற்குள் பாதி ஆர்டர்கள் நின்றுவிடும்.

சரி, பகல் முழுக்கப் பிள்ளையை என்ன செய்வது? நீங்கள் பயப்படுவது இதற்குத்தான், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிளிப் டப்பாவை எடுங்கள். ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து, டப்பாவின் வாயைப் பார்த்துப் போட்டு, சத்தம் கேட்டு, கவிழ்த்து, மறுபடி தொடங்குகிறான். விரல், கண், காது மூன்றும் வேலை செய்கின்றன. உள்ளே போனது எங்கே போனது என்றும் பார்த்துக்கொள்கிறான். இந்த வயதில் ஒரே காரியத்தை நாற்பது முறை செய்வதுதான் கற்றல். மூடியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள், இன்னும் அரைமணி நேரம் ஓடும். கிளிப்பின் கம்பிச்சுருள் கழன்று வருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வாய்க்குள் முழுதாகப் போய்விடும் அளவுக்குச் சின்னதாக எது இருந்தாலும் அவன் கைக்குப் போகக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 18 முதல் 30 மாத வயதுள்ள 36 குழந்தைகளை, ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கே இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதில் நான்கை வெளியே வைத்து மற்றதை அலமாரிக்குள் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றினால் புதிதாக வாங்கியது மாதிரியே இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2018-இல் இதை ஒட்டியே சொன்னது: நல்ல விளையாட்டுப் பொருள் விலை உயர்ந்ததாகவோ புது மோஸ்தராகவோ இருக்க வேண்டியதில்லை, பெரியவர் கூட உட்கார்ந்து விளையாடுவதே முக்கியம்.

காலையில் பழைய பிரஷும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்து வாசல் தரையில் வரையச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்து படம் மறைவதைப் பார்த்து ஆச்சரியப்படுவான், திரும்ப வரைவான். துடைக்கிற வேலை உங்களுக்கு இல்லை. கிண்ணம் போதும், வாளி வேண்டாம்; தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவனைத் தனியாக விட்டு நகராதீர்கள். மதியம் இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையைக் கட்டினால் வீடு தயார். துணி மடிக்கும்போது காலுறைகளில் ஜோடி தேடச் சொல்லுங்கள். பழைய காகிதத்தைக் கிழிக்க விடுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அவன் பாட்டுக்கு இருக்கட்டும், நீங்களும் உட்காருங்கள். நாள் முழுக்கப் பிள்ளைக்கு எதிரே நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

நாத்தனார் விஷயம் மீதி இருக்கிறது. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை; அவருக்கும் விற்பனை இலக்கு இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக் கடனில் அவருடைய இலக்கு ஏறக் கூடாது. இதை நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். "அக்கா, கார்டுக் கடன் அடையும் வரை புதிதாக எதிலும் சேரவில்லை" என்று ஒரே வரியில் சொல்லட்டும். காரணம் விளக்கத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். நீங்கள் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, காலையில் படித்துக்கொள்ளுங்கள். என்ன பண்ணான் என்று கேட்டிருந்தால், "கிளிப் போட்டு விளையாடினான் அண்ணி" என்று எழுதுங்கள்.

எட்டாவது மாதம் அந்த 10 கையில் நிற்கும். அதை எதில் முதலீடு செய்யலாம் என்று அப்போது எழுதாதீர்கள். மூன்று மாத வீட்டுச் செலவு சேரும் வரை சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். அது சேர்ந்த பிறகு எழுதுங்கள், படிப்புச் செலவைப் பற்றிப் பேசுவோம்.