விற்கக் கூடாத பால்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒட்டகப் பால் பொடி வாங்கித் தரச் சொல்கிறார். 'பாலைவன மக்களின் பழம்பெரும் மரபு' என்று போட்டிருக்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அம்மாவோ, 'தயிராக உறையாத பாலெல்லாம் ஒரு பாலா?' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

விளம்பரத்தைவிட உங்கள் அம்மாவின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஒட்டகப் பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டித் தயிர் வராது. பாலை இறுக்கிப் பிடிக்கும் கப்பா கேசீன் என்ற புரதம் அதில் மிகக் குறைவு. புளிக்கும், ஆனால் நீர்க்கவே இருக்கும். ஆகவே ஒட்டகம் வளர்ப்பவர்கள் அதைப் பெரும்பாலும் குடிக்கத்தான் செய்தார்கள். வட கென்யாவில் புகை காட்டிய குடுவையில் புளிக்கவைத்தால் சூசாக். கசாக்கியர்களுக்கு ஷுபாத். மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியாவில் புளித்த பாலில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து ஸ்ரிக். அம்மாவிடம் இதை மோர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விளம்பரம் பெருமையடிக்கும் அந்த 'மரபு'க்கு வருகிறேன். ராஜஸ்தானின் ராய்கா மக்கள், பார்வதிக்காகச் சிவன் ஒட்டகத்தைப் படைத்தார், அதை மேய்க்கத் தங்களைப் படைத்தார் என்று நம்புபவர்கள். கறப்பதே ஒரு வித்தை. முதலில் கன்றை ஊட்டவிட வேண்டும். மடி சுரந்ததும் ஓரிரு நிமிடங்களுக்குள் கறந்துவிட வேண்டும். பிறகு பால் இறங்காது. கறப்பவர் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடக்கி முழங்காலில் ஊன்றி, அந்தத் தொடைமேல் பாத்திரத்தை வைத்துக்கொள்கிறார். மேய்ச்சல் காட்டில் பாத்திரம் கைக்கு எட்டாவிட்டால் எருக்கிலையைக் குவித்து, நுரையோடு அப்படியே குடிப்பார்கள். டீ போடுவார்கள், பாயசம் வைப்பார்கள், கேட்டு வருபவருக்குக் கொடுப்பார்கள். விற்கமட்டும் மாட்டார்கள், அண்மைக்காலம்வரை. விற்பது பாவம் என்று கருதினார்கள். மொரிட்டானியாவிலும் பால் விற்பது இழுக்காகவே இருந்தது. ஊரைச் சுற்றி ஒட்டகங்கள் மேய, தலைநகரம் நுவாக்சோட் இறக்குமதிப் பால் பொடியைக் கரைத்துக் குடித்தது. 1989இல் நான்சி அபைதர்ரஹ்மான் என்ற பெண்மணி திவிஸ்கி பால்பண்ணையைத் தொடங்கி, மேய்ப்பர்களிடம் பால் வாங்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது.

ஆக, விற்கக் கூடாது என்ற மரபைக் காட்டித்தான் டப்பாவை விற்கிறார்கள். எனக்கு எரிச்சல் அந்தச் சாமர்த்தியத்தின்மீதுதான், விற்பனையின்மீது இல்லை. இந்தியாவில் 2012இல் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன. முன்பு ஆண் கன்றுகளை வண்டி இழுக்க வாங்கிப் போனார்கள்; இன்று டிராக்டரும் டெம்போவும் வந்துவிட்டன. 2015இல் ராஜஸ்தான் அரசு ஒட்டகங்களைக் கொல்லவும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்கவும் தடை போட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் வாங்க ஆளில்லாத கன்றை எத்தனை நாள் மேய்ப்பது? மிச்சமிருப்பது பால். 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தர அளவு வகுத்தது. 2019இல் அமுல் கட்ச் ஒட்டகப் பாலைக் குஜராத் நகரங்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மந்தை பிழைக்க, பாலை விற்கக் கூடாது என்ற அந்த மரபு தளர்வதில் எனக்கு வருத்தமில்லை.

அப்பாவின் விஷயம். ராய்காக்களிடம் சர்க்கரை நோய் மிகக் குறைவு என்ற ஆய்வைத்தான் இந்த வியாபாரிகள் தூக்கிப்பிடிக்கிறார்கள். நாளெல்லாம் மந்தையின் பின்னால் நடப்பவர்கள் அவர்கள் என்பதைச் சொல்வதில்லை. ஒட்டகப் பாலிலும் பசும்பாலைப்போல லாக்டோஸ் சர்க்கரை உண்டு. சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மருந்துக்கு மாற்றாகக் கொள்ள அவை போதாது. ஆசைக்கு ஒருமுறை வாங்கிக் கொடுங்கள், லேசாக உப்புக் கரிக்கும். பொடியாக இல்லாமல் பாலாகவே கிடைத்தால் கட்டாயம் காய்ச்சுங்கள், பச்சைப் பாலால் புரூசெல்லா என்ற கிருமியின் தொற்று வரக்கூடும். மாத்திரையை மட்டும் அவர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.