ஜின்செங், மாத்திரை, வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூனில் 30 வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் எந்த மாத்திரையையும் நிறுத்துங்கள், கூட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். மருந்து உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்தவரை சொல்கிறேன்.

தட்டோனிலிருந்து ஒரு அக்கா: சயாமா, நானும் வீட்டுக்காரரும் ஒரே டப்பா ஜின்செங் தூளை மூன்று மாதம் குடித்தோம். அவருக்குத் தெம்பு வந்ததாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கலப்படமா?

ஒரே டப்பாதானே அக்கா, கலப்படம் என்றால் இரண்டு பேருக்கும் கலப்படம்தான். வித்தியாசம் உங்கள் குடலில் இருக்கலாம்.

ஜின்செங் வேரில் உள்ள முக்கியமான சத்துகளுக்கு ஜின்செனோசைடு என்று பெயர். அதில் ஆர்பி1 என்று ஒன்று, வேரில் நிறைய இருப்பது. அதன் உடம்பில் நாலு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும். மட்டையோடு இருக்கும் தேங்காய் மாதிரி. அப்படியே விழுங்கினால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கும் பாக்டீரியா ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும். நாலு மூன்றாகும், மூன்று இரண்டாகும், கடைசியில் ஒன்று மிஞ்சும். அந்த ஒற்றைக் குளுக்கோஸ் பொருளுக்குத்தான் காம்பவுண்ட் கே என்று பெயர். வேரில் இது கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, நம் குடலில்தான் உண்டாகிறது. ரத்தத்தில் நன்றாகச் சேர்வதும் இதுதான்.

மட்டை உரிக்கத் தெரிந்த பாக்டீரியா எல்லோர் குடலிலும் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு காம்பவுண்ட் கே நிறைய உண்டாகும், சிலருக்கு நூல் அளவுகூட வராது. ஒரே டப்பா இரண்டு பேருக்கு இரண்டு மருந்தாகிவிடுகிறது. ஆனால் ஒன்று, அண்ணனுக்கு வந்த தெம்பு இதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த மூன்று மாதம் அவர் நேரத்துக்குத் தூங்கினாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ரங்கூன், 51ஆம் தெரு: சிவப்பு ஜின்செங், வெள்ளை ஜின்செங், இரண்டும் வேறு வேறு செடியா?

ஒரே செடிதான். வேரை அப்படியே காயவைத்தால் வெள்ளை, ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு. நல்ல சிவப்பு வேரை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள், பனங்கற்கண்டு நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஒளி ஊடுருவும், கத்தி இறங்காது. ஆவி காட்டி இளக்கினால்தான் வில்லை போட முடியும். வேகும்போது சூட்டிலேயே கொஞ்சம் சர்க்கரை கழன்று, ஆர்ஜி3 போன்ற புதிய பொருள்கள் உண்டாகின்றன. அப்படியும் மிச்ச வேலை குடலில்தான்.

மோல்மேன்: அமுக்கரா கிழங்கை இந்திய ஜின்செங் என்கிறார்களே?

வியாபாரப் பேச்சு. அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம். ஜின்செங்குக்கும் அதற்கும் உறவே இல்லை.

பெகு: காய்ச்சலுக்குக் கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன். அதன்பிறகு வழக்கமாகப் போடும் நிலாவரைப் பொடி வேலையே செய்யவில்லை. பொடி பழசா?

பொடி பழசாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் தம்பி.

நிலாவரையில் உள்ள சென்னோசைடு வயிற்றில் ஒன்றும் செய்யாது, சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாது. பெருங்குடலில் பாக்டீரியா அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக்கிய பிறகுதான் பேதியாகும். ராத்திரி குடித்தால் காலையில் போகிறது இல்லையா, அந்த ஏழெட்டு மணி நேரம் இந்தப் பயணத்துக்கும் வேலைக்கும்தான். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடு கொடுத்தால் பேதியாவதில்லை என்பதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கும் ஒரு முறை ஆன்டிபயாடிக் முடித்த வாரத்தில் இப்படித்தான் ஆனது. கோபத்தில் பொடியை இரண்டு மடங்காகப் போட்டுக் குடித்துவிட்டு மறுநாள் சுருண்டு படுத்தார். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

நம் ஊர்க் கடைகளில் காய்ச்சல் என்று சொன்னாலே நாலைந்து மாத்திரையைக் கலந்து சின்ன உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்ததா என்று வாங்கியவருக்கே தெரியாது. எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். ஆன்டிபயாடிக் காய்ச்சல் கிருமியை மட்டும் தேடிப் போய் அடிப்பதில்லை, நமக்கு மருந்தை உரித்துக் கொடுக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே அடிக்கிறது.

மாந்தலே: நாட்டு மருந்துக்குச் சரி. இங்கிலீஷ் மாத்திரைக்கும் பாக்டீரியா கை வைக்குமா? அப்பா இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறார்.

வைக்கும். 2019ல் வந்த ஓர் ஆராய்ச்சியில் 76 வகைக் குடல் பாக்டீரியாவோடு 271 மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மருந்துகளை ஏதாவது ஒரு பாக்டீரியாவாவது மாற்றிவிட்டது.

டிகாக்சின் இதற்குப் பழைய உதாரணம். எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படிக் கணிசமாக வீணாகிறது என்று 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பாக்டீரியா அடங்கிவிடும், அதே மாத்திரையில் ரத்தத்தில் சேரும் டிகாக்சின் கூடிவிடும். இந்த மருந்தில் போதுமான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி. அப்பாவுக்கு யார் ஆன்டிபயாடிக் எழுதினாலும் முதலில் டிகாக்சின் பெயரைச் சொல்லுங்கள். குமட்டல், பார்வையில் மஞ்சள் தட்டுவது, நாடி மெதுவாவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதே வீட்டிலிருந்து அம்மா: எனக்கு வார்ஃபரின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. ஜின்செங் டீ குடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கிறது என்று 2004ல் வந்த ஆய்வில் தெரிந்தது. ரத்தம் உறைந்துவிட்டால் டீயால் என்ன லாபம்? சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: கோயிலில் தேவாரம் பாடுகிறேன். தொண்டைக்குத் தினமும் அதிமதுரம் மெல்லுகிறேன். இப்போது பிரஷர் ஏறியிருக்கிறது. சம்பந்தம் உண்டா?

பயப்படாதீர்கள், ஆனால் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அதிமதுரத்தின் இனிப்பு கிளிசிரைசின். குடல் பாக்டீரியா அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டியதும் கிளிசிரெட்டிக் அமிலம் ஆகிறது. அது ரத்தத்தில் சேர்ந்து, உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரஷர் ஏறும். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை, தினமும் என்பதுதான் சிக்கல். பொட்டாசியத்தையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டோன் அக்கா மறுபடியும்: தயிர், லபெ (புளிக்கவைத்த தேயிலை) எல்லாம் சாப்பிட்டால் எனக்கும் அந்தக் காம்பவுண்ட் கே வருமா?

சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் அதனால் மட்டை உரிக்கும் பாக்டீரியா குடியேறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. புளிக்கவைத்த ஜின்செங் என்று தனியாக விற்கிறார்கள். குடலில் நடக்க வேண்டிய உரிப்பில் ஒரு பங்கை வெளியிலேயே முடித்துக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். விலை அதிகம். கடன் வாங்கி வாங்குகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

ரங்கூன்: டாக்டரிடம் ஜின்செங் சாப்பிடுகிறேன் என்றால் திட்டுவாரோ?

திட்டினாலும் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். லேபிள் கொரிய எழுத்திலோ சீன எழுத்திலோ இருந்தால், வாங்கிய கடையில் எந்த வேர், எத்தனை கிராம் என்று கேட்டு பர்மிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.