தாழ்மை என்றால் வாயை மூடிக்கொள்வதா?

அன்புள்ள ஐயா,

தோத்திரம். எங்கள் சபையில் ஏழைகளுக்கு உதவும் குழு ஒன்றில் இருக்கிறேன். அதற்காகத் தனியாகக் காணிக்கை சேர்க்கிறோம். எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று குழுக் கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரரிடம் கேட்டேன். "முதலில் தாழ்மையைக் கற்றுக்கொள்ளுங்கள், சகோதரி" என்றார், எல்லோர் முன்னிலையிலும். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகைக்கிறேன். உள்ளே கொதிக்கிறது.

இது தாழ்மையா, கோழைத்தனமா? மற்றவர்களை நம்மிலும் மேன்மையானவர்களாக எண்ணச் சொல்கிறது வேதம். இவரை அப்படி எண்ண என்னால் முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. யாருக்காவது ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்தால், 'பார், எனக்கு எவ்வளவு தாழ்மை' என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்கிறது. வெட்கமாக இருக்கிறது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்பதுதான். விரட்டப் போனால், 'விரட்டிவிட்டேன் பார்' என்று திரும்பவும் வந்து நிற்கும். 'மற்றவர்களைப் போல நான் இல்லை' என்று பெருமைப்பட்ட பரிசேயனும், தன்னைப் பாவி என்று தாழ்த்திய ஆயக்காரனும் ஜெபம்பண்ணப் போன கதையைப் படித்துவிட்டு, 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை' என்று ஒருமுறையாவது நினைக்காதவர் யார்? அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பியருக்கு மனத்தாழ்மையைப் பற்றி எழுதிய கையோடு, 'அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக' என்கிறார். எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தால், நம்மையே பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அந்தக் குரலுக்கு இதற்கு மேல் மரியாதை தர வேண்டாம்.

சரி, கணக்கு விஷயத்துக்கு வருவோம்.

தாழ்மை ஒருவர் தானாகக் கொடுப்பது. அடுத்தவரிடம் கேட்டு வாங்கினால் அது அடக்குமுறையாகிவிடும். அந்தச் சகோதரர் ஒருவேளை பேதுருவின் முதல் நிருபத்தைக் காட்டலாம்: 'இளைஞரே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள்.' இருக்கிறது, ஐந்தாம் அதிகாரத்தில். ஆனால் அந்த வரிக்கு வருவதற்கு முன்பே பேதுரு மூப்பர்களை நிறுத்திவைத்துப் பேசுகிறார். ஆதாயத்துக்காக மந்தையை மேய்க்காதீர்கள், இறுமாப்பாய் ஆளாதீர்கள், மாதிரியாக இருங்கள் என்கிறார். அப்புறம்தான் இளைஞர்கள் பக்கம் திரும்புகிறார். உடனே 'நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர்' என்று அதே கட்டளையை எல்லோருக்குமாக விரித்துவிடுகிறார். நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து உங்கள் வாயை அடைக்க முடியாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பல சபைகளில் காணிக்கை சேர்த்தார். அந்தப் பணத்தை எப்படிக் கையாண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. தம் உடன் ஊழியரான தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் அனுப்புகிறார். இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்கிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்கிறார். 'என்னை நம்ப மாட்டீர்களா' என்று அப்போஸ்தலனே கேட்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே, சாட்சிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார். காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேண்டிய தாழ்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

பவுலிடம் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்றும் உண்டு. 'மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்' என்று அவர் எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பி பட்டணத்தில்தான் அவரையும் உடன் ஊழியரான சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துக் காவலில் போட்டார்கள். மறுநாள், சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் அடிக்கக் கூடாது என்பதால் அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் விவரமாக இருக்கிறது. தாழ்மையைப் பற்றிய அந்தக் கடிதம் பிலிப்பியில் வாசிக்கப்பட்டபோது, அன்றைக்கு நடந்ததை நேரில் பார்த்த யாராவது அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்குக் குழப்பம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கர்த்தரிடமே இது இன்னும் தெளிவாக இருக்கிறது. யோவான் பதின்மூன்றில் சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார், காட்டிக்கொடுக்கப்போகும் யூதாஸின் கால்களையும் சேர்த்து. அந்தக் காட்சி எப்படித் தொடங்குகிறது என்பதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தார், தேவனிடத்திற்கே போகிறார் என்பதை அறிந்து எழுந்திருந்தார் என்கிறது வசனம். தாம் யார் என்று தெரிந்தவர் குனிந்தார். தன்னை ஒன்றுமில்லாதவராக நினைத்துக் குனியவில்லை.

அதே இரவில், பிரதான ஆசாரியன் முன்னால் நிற்கும்போது ஒரு சேவகன் அவரை அறைகிறான். "பிரதான ஆசாரியனுக்கு இப்படியா உத்தரவு சொல்லுகிறது" என்று கேட்டுக்கொண்டே அறைகிறான். உங்களுக்குக் கிடைத்த பதிலின் பழைய வடிவம் இது. இயேசு திருப்பி அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கால் கழுவியதும் இந்தக் கேள்வியும் சில மணி நேர இடைவெளியில் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் தாழ்மை என்று சொல்லிவிட்டு மற்றதை மறைக்க முடியாது.

ஆகவே நீங்கள் கேட்ட மன்னிப்பு தேவையில்லாதது. உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே புன்னகைப்பதைத் தாழ்மை என்று நானும் சொல்ல மாட்டேன். கோழைத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். எல்லோர் முன்னிலையிலும் அவமானப்பட்டவருக்கு வேறு வழி தெரியாமல் வரும் புன்னகை அது.

இனி உங்கள் பக்கம். அவரை மேன்மையானவராக எண்ண முடியவில்லை என்கிறீர்கள். கணக்கு வைப்பதில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர் என்று நம்பச் சொல்லவில்லை வேதம். பொய்யை நம்புவது தாழ்மையாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் இதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். என்னிடம் என்னுடையதாக இருப்பது என் குறைகள். அடுத்தவரிடம் தேவனுடையதாக இருப்பது அவருக்குக் கிடைத்த வரங்கள். என்னுடையதை அவரிடம் உள்ள தேவனுடையதற்கு முன்னால் தாழ்த்த வேண்டும். ஆனால் என்னிடமும் தேவன் தந்தது இருக்கிறதே, அதை மறுக்க வேண்டியதில்லை என்றார். அந்தச் சகோதரரிடம் தேவன் தந்தது எதுவும் உங்கள் கண்ணில் படவே இல்லையா? கோபம் இருக்கும்போது தேடுவது கஷ்டம்தான். ஆனாலும் தேடுங்கள்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி மோசேயைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்க மற்றவர்கள் கூடி இவரையும் அழைத்தார்கள். ஒழுகும் பாத்திரம் ஒன்றில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டதற்கு, என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, எனக்கு அவை தெரியவில்லை, நான் இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்றார். இதைச் சொல்வது உங்கள் கேள்வியை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பதற்காக இல்லை. எந்த மனநிலையோடு கேட்கப் போகிறீர்கள் என்பதற்காக.

உங்களைவிட இளையவர் ஒருவர் உங்களிடம் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கியது, ஒரு சிறைப்பட்ட சிறுமியின் பேச்சையும் பிறகு தன் ஊழியக்காரரின் பேச்சையும் கேட்டதால். நடுவில் அவனுக்கு வந்த கோபமும் அந்தக் கதையில் ஒளிக்கப்படவில்லை. ஆறாம் நூற்றாண்டில் தன் மடத்துக்கு விதிகள் எழுதிய பெனடிக்ட், முக்கியமான முடிவென்றால் எல்லோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், இளையவனுக்குக்கூட நல்லதைக் கர்த்தர் வெளிப்படுத்துவதுண்டு என்றார்.

என்ன செய்யலாம்? மத்தேயு பதினெட்டின்படி முதலில் தனியாகப் போங்கள். கூட்டத்தில் எல்லோர் நடுவிலும் கேட்டதை அவர் ஒருவேளை குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். தனியாகக் கேட்கும்போது அதே இரண்டு கேள்விகள் போதும்: எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது. அவர் அன்று பேசிய விதம் உங்களை நோகடித்தது என்பதையும் சொல்லுங்கள், அதை மறைக்க வேண்டாம். பதில் வராவிட்டால், அதே அதிகாரம் சொல்கிறபடி குழுவில் ஒருவர் இருவரை அழைத்துக்கொண்டு போய் மறுபடி கேளுங்கள். கணக்கு சரியாக இருந்தால், அதே குழுவின் முன்னால், சரியாக இருக்கிறது என்று நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள்.

அதுவரை அவரைப் பார்க்கும்போது கட்டாயமாகப் புன்னகைக்க வேண்டும் என்றில்லை. தோத்திரம் சொன்னால் போதும்.

அன்புடன்.